பல அமைப்புகள் சேர்ந்து ஒரு குடியிருப்பில் மருத்துவ விழிப்புணர்வுப் பணி செய்வது எப்படி?

சென்னையின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் பணியாற்ற விரும்பும் அமைப்புகள் முகாமுக்கு நாள் குறிப்பதற்கு முன் செய்ய வேண்டியது, அப்பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலரையும் செவிலியரையும் சந்தித்து, அங்கே வருவோர் எதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கேட்பதே. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டு செல்லும் பெண் தன்னார்வலர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். எந்த வீட்டில் மாத்திரை பிரிக்கப்படாமல் கிடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அடுத்து, எல்லா அமைப்புகளும் ஒரே சொற்பட்டியலுக்கு உடன்பட வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிறார்கள். ஒரு துண்டறிக்கை 'நீரிழிவு' என்றும் இன்னொன்று 'சர்க்கரை நோய்' என்றும் எழுத, தெருவில் எல்லோரும் 'சுகர்' என்றே பேசுகிறார்கள். ஆகவே தெருவில் வழங்கும் சொல்லையே முதலில் எழுதுங்கள். 'பாசிட்டிவ்' என்று சோதனை முடிவு வந்தால் அதை நல்ல செய்தி என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு என்பதால், 'நோய் இருக்கிறது' என்று நேராகவே சொல்லுங்கள். பதாகையில் எந்த அமைப்பின் பெயர் முதலில் வர வேண்டும் என்ற சச்சரவில் பல கூட்டணிகள் உடைகின்றன. சுகாதார நிலையத்தின் பெயரை மட்டும் அச்சிட்டால் அந்தப் பேச்சே எழாது.

பேசும் பொறுப்பை மகளிர் சுயஉதவிக் குழுவுக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் கொடுங்கள். வெளியிலிருந்து வரும் தொண்டு நிறுவனம் அச்சு, பயிற்சி, செலவு ஆகியவற்றைக் கவனித்தால் போதும். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் காலையில் இருக்க மாட்டார்கள் என்பதால், கூட்டத்தை மாலை ஏழு மணிக்கு மேல் வைப்பது நல்லது.

ஒரு கூட்டத்தில் ஒரு செய்திக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோயா என்று அறியச் சளிப் பரிசோதனை தேவை, அரசு நிலையங்களில் அது இலவசம் என்பது ஒரு நாளுக்குரியது. உடல் தேறியதாகத் தோன்றினாலும் காசநோய் மாத்திரையை இடையில் நிறுத்தக் கூடாது என்பது மறுநாளுக்குரியது. சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக அரசு மாதம் 1,000 ரூபாய் வழங்குவதைச் சொல்லும்போது, வங்கிக் கணக்கு விவரங்களைச் சேர்க்க உதவும் ஒருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகவே தலையாட்டிவிடுவார்கள். 'வீட்டில் அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கான உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலப்பதாக ஒருவர் சொன்னால், பிழை நம் விளக்கத்தில் இருக்கிறது. அடுத்த முறை லிட்டர் பாட்டிலையே கையில் எடுத்துச் சென்று கலந்து காட்ட வேண்டும். இப்படித் தவறாக வந்த பதில்களை ஒரு நோட்டில் எழுதி வைத்து, மாதம் ஒருமுறை எல்லா அமைப்புகளும் உட்கார்ந்து, அவற்றைக் கொண்டே துண்டறிக்கையைத் திருத்துங்கள்.