வெள்ளாற்றுச் சேற்றில் உயிர்களை எண்ணுவது எப்படி

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலைச் சேரும் இடத்துச் சேற்றுத்திட்டு, இந்த வேலையைப் பழக மிகவும் ஏற்றது. இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நீர்மட்டம் பெரிதாக மாறாது. அதனால் நீர் அதிகம் வற்றும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் வற்றம் பார்த்து இறங்குங்கள். கால் புதையும், பலகை போட்டு நில்லுங்கள். மிதித்த இடத்தில் மாதிரி எடுக்காதீர்கள்.

10 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாயை 15 செ.மீ. ஆழத்துக்கு நேராக அழுத்துங்கள். மேல்வாயை ரப்பர் மூடியால் இறுக அடைத்த பிறகே இழுக்க வேண்டும். இல்லையென்றால் சேறு அடிவழியே நழுவிவிடும். ஓரிடத்தில் குறைந்தது மூன்று குழாய் மாதிரி எடுங்கள்.

கூடுதலாக ஒன்றை எடுத்து, தட்டில் தள்ளி நெடுக்கே பிளந்து பாருங்கள். மேலே மெல்லிய பழுப்புப் படலம், கீழே கருப்பு. ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. அப்போது வரும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அழுகிய முட்டை வாடை. அது இரும்புடன் சேர்ந்தால் கருப்பு. அந்தக் கருப்புக்குள் பழுப்பு விளிம்போடு ஓட்டைகள் இருந்தால் அவை புழு வளைகள். புழு உள்ளே இழுக்கும் நீரோடு ஆக்சிஜனும் இறங்குகிறது. எத்தனை அழகான ஏற்பாடு! காற்றுப் பட்டால் கருப்பு வெளுக்கும், உடனே படமெடுங்கள்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது சலிப்பதில்தான். 0.5 மி.மீ. சல்லடையைக் கடல்நீர் நிரம்பிய வாளியில் பாதி முக்கி, மெதுவாக அசையுங்கள். மேலிருந்து நீரைப் பீய்ச்சினால் பல்சுணைப் புழுக்கள் (உடலெங்கும் சுணை கொண்ட கடல்புழுக்கள்) துண்டாகும். தலையில்லாத துண்டை எண்ண முடியாது, இனமும் தெரியாது. குழாய்த் தண்ணீரும் ஆகாது, உடல் உப்பி வெடிக்கும். தங்கியவற்றை 7 சதவீத மெக்னீசியம் குளோரைடு கரைசலில் கால் மணி நேரம் தளரவிடுங்கள். பிறகு கெடாமல் வைக்க 1 பங்கு பார்மலினுக்கு 9 பங்கு கடல்நீர், சிறிது போராக்ஸ். போராக்ஸ் இல்லாத பார்மலின் அமிலமாகி மட்டி ஓடுகளைக் கரைத்துவிடும். ரோஸ் பெங்கால் சாயம் சிட்டிகை போட்டால் உயிரிகள் இளஞ்சிவப்பாகப் பளிச்சிடும். கையுறை கட்டாயம். மரபணு ஆய்வுக்கானதைப் பார்மலினில் போடாமல் 95 சதவீத எத்தனாலில் வையுங்கள்.

குழாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ. ஒரு குழாயில் கிடைத்த எண்ணிக்கையை 127 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான கணக்கு. நீரின் உப்புத்தன்மையையும் அதே தாளில் குறியுங்கள். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். அந்த உப்பளவு குறிக்காவிட்டால், எண்ணிக்கை குறைந்தது மழையாலா மாசாலா என்று பிரிக்க வழியிருக்காது.