பழம்பொருள் கடை விரிக்கிறீர்களா? புளியைத் தொடாதீர்கள்

மதுரையில் வார இறுதிச் சந்தையில் பழம்பொருள் கடை போடுபவர்கள் பலர், முதல் நாள் இரவே பித்தளைச் செம்புகளைப் புளி போட்டுப் பளபளக்கத் தேய்த்துவிடுகிறார்கள். விலை அங்கேயே இறங்கிவிடுகிறது. பல ஆண்டுகளாகப் படிந்த கருமையைத்தான் சேகரிப்பவர்கள் தேடி வருகிறார்கள். பளபளப்பு வேண்டுமென்றால் அவர்கள் நேராகப் புதுப் பாத்திரக் கடைக்கே போய்விடுவார்கள். உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அதை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள்.

பெயர் வெட்டிய குடங்களையும் அண்டாக்களையும் எழுத்து தெரியும்படி திருப்பி வையுங்கள். எந்த ஊரில் வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டினால் பேரம் பாதியாகக் குறையும். எடையையும் முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 'கிலோ என்ன விலை?' என்று ஒருவராவது கேட்காமல் போகமாட்டார். பழைய இரும்புக் கடை விலைக்குக் கேட்பவரிடம் வாதாடிப் பயனில்லை, சிரித்து அனுப்பிவிடுங்கள்.

ராமர் பட்டாபிஷேகமும் 1818 என்ற ஆண்டும் பொறித்த 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி' காசுகளை வாங்கி அடுக்காதீர்கள். கம்பெனி அப்படி ஒன்றை வெளியிடவே இல்லை.

முக்கியமாக, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுகளைக் கடந்த சிலைகள், ஓவியங்கள் போன்ற தொல்பொருள்களை விற்க உரிமம் வேண்டும். சுவடிகளுக்கு 75 ஆண்டுகள்தான் வரம்பு. கோயில் சிலை என்று யாராவது ரகசியமாக நீட்டினால், விலைகூடக் கேட்காதீர்கள்.