செத்த பறவைக்கு முதலில் எக்ஸ்ரே, அப்புறம் கத்தி

வண்டலூர் உயிரியல் பூங்காவில் மே மாத வெயிலில் காலையில் செத்த கூழைக்கடா மதியத்துக்குள் கெட ஆரம்பித்துவிடும். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலைத் தாண்டி வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்வதற்குள், எதனால் செத்தது என்று காட்டும் தடயத்தில் பாதி போய்விடும். அதனால் முதல் வேலை குளிர வைப்பதுதான். இறகு கம்பளி மாதிரி, உடல் சூட்டை வெளியே விடாது. சோப்புத் தண்ணீரில் தோல்வரை நனைத்து, பையில் கட்டி, மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு வையுங்கள். பிறகு 4 டிகிரி ஃபிரிட்ஜ். ஃபிரீசர் மட்டும் வேண்டாம்; உறைந்தால் திசு சிதைந்துபோகும். அதற்காக எங்கள் பேத்தாலஜி மேடத்திடம் ஒருமுறை நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தூக்குமுன் எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரத்தம் கீழ்ப்பக்கம் இறங்கி, அந்தப் பக்க நுரையீரல் படத்தில் வெளுப்பாகத் தெரியும். குறிப்பு இல்லையென்றால் நிமோனியா என்று எழுதிவிடுவீர்கள்.

ஏன் அறுக்குமுன் படம்? பறவையின் உடம்பு முழுக்கக் காற்றுப்பைகள். கத்தி பட்டதும் அவை சுருங்கிவிடும், திரும்பக் கிடைக்காது.

இரண்டு படம் போதும். மல்லாக்கப் போட்டு, மார்பெலும்பும் முதுகெலும்பும் ஒரே கோட்டில் விழும்படி ஒன்று. சிறகுகளை முதுகுக்கு மேலே தூக்கிப் பக்கவாட்டில் ஒன்று. விறைத்திருந்தால் இழுக்காதீர்கள், நீங்கள் முறித்த எலும்பும் படத்தில் விழும். ஈர இறகு கோடுகோடாகத் தெரியும், ஒற்றி எடுங்கள். சி.டி. ஸ்கேன் கிடைத்தால் நல்லது, உறுப்புகள் ஒன்றின் மேல் ஒன்று விழாது.

ஒரே கூண்டில் பல பறவைகள் செத்திருந்தால் பையையே பிரிக்காதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

இனி படத்தைப் படிப்பது. அரைவைப்பையில், கறிக்கடையில் கல் எடுத்துச் சுத்தம் செய்வார்களே அதில், சிறு கற்கள் இருப்பது சகஜம். கல்லைவிடப் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் உலோகம். ஈயமா துத்தநாகமா என்று சந்தேகப்படுங்கள். ஈரலையும் சிறுநீரகத்தையும் ஆய்வகம் பார்த்த பிறகுதான் முடிவு. பெண் மயிலின் தொடையெலும்பு உள்ளே வெள்ளையாக நிரம்பியிருந்தால் பதறாதீர்கள், முட்டை ஓட்டுக்குச் சேர்த்த சுண்ணாம்பு அது.

கூழைக்கடாவின் தோலுக்கடியில் குமிழ் குமிழாகக் காற்று தெரியும். அழுகல் வாயு என்று நான் அறிக்கையே எழுதி, கையெழுத்துப் போடும் நேரத்தில் கிழித்தேன். அந்தப் பறவைக்கு உயிரோடு இருக்கும்போதே அப்படித்தான்.