பதிவேட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள்

போன வாரம் காங்கேயம் பக்கம் ஓர் இல்லத்துக்குப் போயிருந்தேன். மாற்றுத்திறனாளிகள் இருபது பேருக்கு மேல் அங்கே தங்கியிருக்கிறார்கள். புதிதாகப் பொறுப்பேற்ற மேற்பார்வையாளர் இரவுப் பதிவேட்டைப் பெருமையோடு எடுத்துக் காட்டினார். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஈரத் தரை, திறந்து கிடக்கும் மாத்திரை அலமாரி பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. அவை கண்ணில் படும். கண்ணில் படாத தவறுகளை, உங்களைப் போன்ற மேற்பார்வையாளர்களுக்காக எழுதுகிறேன்.

இரவுப் பதிவேட்டை நம்புவது

நான் பார்த்துக்கொண்ட இல்லத்தில் மணிக்கு ஒருமுறை எல்லா அறைகளையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அங்கே வலிப்பு நோயுள்ள ஒருவர் இருந்தார், வயது முப்பத்தெட்டு. ஒரு விடிகாலையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தார். நாக்கைக் கடித்திருந்தார். தலையணையில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. தோள்மூட்டு இறங்கியிருந்தது. பதிவேட்டில் 2 மணிக்கும் 3 மணிக்கும் 4 மணிக்கும் 'நன்றாகத் தூங்குகிறார்'. நான் புரட்டிய நேரம் ஐந்தரை. 6 மணிக் கட்டத்திலும் 'நன்றாகத் தூங்குகிறார்'.

உயிர் பிழைத்தார். ஆனால் வலக்கை தோளுக்கு மேல் உயரவே இல்லை. அதுவரை தானே சட்டை போட்டுக்கொண்டவருக்கு அதன்பின் ஆள் துணை வேண்டியிருந்தது. இன்றும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

பணியில் இருந்த பெண்ணைப் பார்த்துக் கத்தினேன். "கட்டம் காலியாக இருந்தால் திட்டுவீர்களே, சார்" என்றார். பகலில் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவர். இருபத்திரண்டு பேருக்கு அவர் ஒற்றை ஆள். ஒருவரைத் துடைத்துவிட்டு விரிப்பை மாற்றவே இருபது நிமிடம் ஆகும். மணிக்கொரு சுற்று நடக்காத காரியம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் கட்டத்தைத்தான் பார்த்தேன். அதனால் அவரும் கட்டத்தை நிரப்பினார்.

பிறகு வெறும் கையெழுத்தை நிறுத்தினோம். எந்தப் பக்கம் ஒருக்களித்திருக்கிறார், போர்வை எங்கே கிடக்கிறது, மூச்சு எப்படி வருகிறது என்று கண்டதை எழுதச் சொன்னோம். 'பார்க்கவில்லை, வேறொருவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்' என்று எழுதினால் திட்டாதீர்கள். நிர்வாகத்திடம் இரண்டாவது ஆளைக் கேட்க உங்கள் கையில் இருக்கும் ஆதாரமே அந்த வரிதான். மாதத்தில் இரண்டு இரவாவது 3 மணிக்குச் சொல்லாமல் போங்கள். பிடிப்பதற்காகப் போகாதீர்கள், ஒரு மணி நேரம் கூடமாட வேலை செய்யுங்கள்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து

வேண்டவே வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

வெளியே பூட்டுவது

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றித் தீயில் சிக்கினார்கள். 28 பேர் இறந்தார்கள். இன்னமும் தாழ்வாரக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டீ குடிக்கப் போகும் காவலாளிகளைப் பார்க்கிறேன்.

ஷிப்ட் முடியும் அவசரத்தில் ஊட்டுவது

விழுங்கச் சிரமப்படுபவருக்கு அரிசிம்பருப்புச் சாதத்தைக் குழைய மசித்தால் மட்டும் போதாது. நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுங்கள். ஊட்டியபின் அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள்.

வெந்நீர்

முதலில் உங்கள் முழங்கை.

அடித்ததை உள்ளுக்குள்ளேயே பேசி முடிப்பது

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கொடுமை நடப்பதாக நம்பக் காரணம் உள்ள யாரும் நிர்வாக நடுவரிடம் (தாசில்தார் போன்ற அதிகாரியிடம்) தெரிவிக்கலாம். இதைப் பணியாளர்களுக்கு முதல் நாளே சொல்லுங்கள். நான் ஆறு வருடம் சொல்லாமல் இருந்தேன்.

காங்கேயத்தில் அன்று இரவு தங்கினேன். 2 மணிக்கு அந்த மேற்பார்வையாளரும் நானும் ஒவ்வோர் அறையாகப் போனோம். நான்காவது அறையில் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்டோம். பதில் சொல்லாமல் தண்ணீர் கேட்டார். மேற்பார்வையாளர் சொம்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் அவருடைய 2 மணிக் கட்டத்தில் ஏற்கெனவே இருந்ததை அடித்துவிட்டு எழுதினார்: 'விழித்திருக்கிறார். தாகம்.'