ஸ்டெப்பிங் பழகுகிறீர்களா? முதலில் துள்ளலை விடுங்கள்

சிகாகோவின் கறுப்பின மக்கள் பல பத்தாண்டுகளாக ஆடிவரும் ஜோடி நடனம் ஸ்டெப்பிங். 'பாப்' (Bop) என்ற பழைய ஆட்டத்திலிருந்து கிளைத்தது. 1970களில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீடியோவில் பார்த்தால் சும்மா நடப்பது போலத்தான் இருக்கும். இறங்கி ஆடினால்தான் தெரியும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் துள்ளுவார்கள். முதல் வாரம் சுழற்சி, கைவித்தை எதுவும் வேண்டாம். நிதானமான 'சோல்' (soul, கறுப்பின அமெரிக்கர்களின் இசை வகை) பாட்டு ஒன்றைப் போட்டு, எட்டு எண்ணி, வெறுமனே நடங்கள். பாதத்தைத் தரையிலிருந்து ரொம்பத் தூக்காதீர்கள். முழங்கால் லேசாகத் தளர்ந்திருக்கட்டும். கண்ணாடியில் உங்கள் தலையைப் பாருங்கள். மேலும் கீழும் போனால் இன்னும் துள்ளுகிறீர்கள்.

அப்புறம் ஷூ. ரப்பர் அடிப்பாகம் தரையைப் பிடித்துக்கொள்ளும், திரும்பும்போது முழங்கால்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். தோல் அடி வைத்ததே சரி. (சிகாகோவில் கோட்டு, தொப்பி, ஷூ மூன்றையும் ஒரே நிறத்தில் போட்டு வருகிறவர்கள் உண்டு. அது தனி அழகு!)

ஜோடியின் கையை இறுக்க வேண்டாம், விரல்களைக் கொக்கி போல வைத்தால் போதும். ஆட்டம் நடக்கும் நேர்கோட்டுப் பாதையை 'லேன்' என்பார்கள். கூட்டமான தளத்தில் அதைத் தாண்டிப்போய்ப் பக்கத்து ஜோடியை இடிக்காதீர்கள்.