மெக்கானிக்கல் வாட்ச் பரிசளிக்க: வாங்கும் முறை

பிராண்டை முடிவு செய்வதற்கு முன், கட்டப்போகிறவரின் மணிக்கட்டையும் பழக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பெயரைப் பார்த்து மட்டும் வாங்கிய வாட்ச், பெட்டியிலேயே கிடக்க வாய்ப்பு அதிகம்.

1. அளவு

அவருக்குத் தெரியாமல் வாங்குவதென்றால், இப்போது கட்டும் வாட்ச்சை ஸ்கேலில் அளந்து வையுங்கள். சாவித் திருகை (பக்கவாட்டில் உள்ள குமிழை) விட்டுவிட்டு கேஸின் விட்டம், மேல் கொம்பின் (ஸ்ட்ராப் மாட்டும் கேஸின் நீட்சி) நுனியிலிருந்து கீழ் கொம்பின் நுனி வரை நீளம், ஸ்ட்ராப் எந்த ஓட்டையில் மாட்டப்பட்டிருக்கிறது என்ற மூன்றும் வேண்டும். எல்லோரும் விட்டத்தைத்தான் கேட்பார்கள். ஏமாற்றுவது கொம்பு நீளம். அது மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டினால் 38 மி.மீ. வாட்ச்கூட ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும்.

2. ஆட்டோமேட்டிக்கா, சாவி கொடுப்பதா?

தினமும் ஒரே வாட்ச் கட்டுபவருக்கு, கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக். பல வாட்ச் வைத்திருப்பவருக்குக் கையால் சாவி கொடுக்கும் வகையும் பொருந்தும், கேஸும் பெரும்பாலும் மெல்லியதாக இருக்கும். பவர் ரிசர்வை, அதாவது முழுச் சாவியில் எவ்வளவு நேரம் ஓடும் என்பதைக் கேளுங்கள். 40 மணி நேரம் ஓடும் வாட்ச்சை வெள்ளி இரவு கழற்றி வைத்தால் ஞாயிறு மதியவாக்கில் நின்றுவிடும். 70 மணி நேரம் என்றால் திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். அடிக்கடி நேரம் திருத்தப் பொறுமையில்லாதவருக்குத் தேதி இல்லாத டயலே நல்லது.

3. கடையில்

பிராண்டின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரா என்று அந்த பிராண்டின் தளத்திலேயே பாருங்கள். கேஸில் உள்ள சீரியல் எண்ணும் வாரண்டி அட்டையின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வாரண்டி வாங்கிய தேதியிலிருந்தே ஓடத் தொடங்குவதால், ஆறு மாதம் முன்பே வாங்கி வைத்தால் ஆறு மாத வாரண்டி வீண்.

பழைய வாட்ச் என்றால் டைம்கிராஃபரில் (டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்த்திருக்கும்போது ஆம்ப்ளிட்யூட் (உள்ளே ஊசலாடும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு) சுமார் 270 முதல் 310 டிகிரி இருந்தால் பெரும்பாலான எந்திரங்கள் நலமாக இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். 220-க்குக் கீழ் என்றால் எண்ணெய் காய்ந்திருக்கலாம். சர்வீஸ் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். கேஸின் கூரான விளிம்புகள் மழுங்கியிருந்தால் அதிகமாக பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

4. பெயர் பொறிப்பது

கடைசியில் செய்யுங்கள். பொறித்த பிறகு பொதுவாகக் கடை திரும்ப எடுக்காது.

5. பெட்டியோடு ஒரு குறிப்பு

கழற்றிய செயின் கண்ணிகளைப் பெட்டியிலேயே போடுங்கள். பிறகு இவற்றை எழுதி வையுங்கள்:

- நின்ற ஆட்டோமேட்டிக்கிற்குத் திருகை 20 முதல் 30 சுற்று. கையால் சாவி கொடுக்கும் வாட்ச்சில் இறுக்கம் தெரிந்ததும் நிறுத்த வேண்டும்.
- இரவு 9 முதல் அதிகாலை 3 வரை தேதியை மாற்றக்கூடாது. பல எந்திரங்களில் அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பற்கள் கோத்திருக்கும், உடையலாம்.
- நாளுக்குச் சில வினாடி வித்தியாசம் இயல்பு. வாட்ச்களின் துல்லியத்தைச் சோதிக்கும் சுவிஸ் அமைப்பான காஸ்க்கின் (COSC) சான்றிதழே நாளுக்கு −4 முதல் +6 வினாடி வரை அனுமதிக்கிறது.
- "30 மீட்டர்" என்பது கை கழுவும் நீருக்கு மட்டும், நீச்சலுக்கு அல்ல.
- திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால், ஸ்பீக்கரோ பையின் காந்தப் பூட்டோ ஹேர்ஸ்ப்ரிங்கை (ஓட்ட வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருள்) காந்தமாக்கியிருக்கலாம். வாட்ச் கடையில் சில நிமிடங்களில் காந்தத்தை நீக்கிவிடுவார்கள்.