வேகம், தூரம், நேரம்: எல்லாரும் வழுக்குற அதே இடங்கள்

ஃபார்முலா மறந்துபோறது, வகுத்தல்ல சறுக்குறது எல்லாம் தானா சரியாயிடும், அதை விடுங்க. நாங்க படிக்கிறப்ப சொதப்பின அதே இடத்துலதான் இப்ப டியூஷன் வர்ற பசங்களும் சொதப்புறாங்க.

சராசரி வேகம்

இன்னும் கடுப்பேத்துறது இதுதான். திருச்சியிலேருந்து தஞ்சாவூர் சுமாரா 60 கி.மீ-ன்னு வச்சுக்கங்க. போறப்ப மணிக்கு 60, வர்றப்ப 40, சராசரி என்னன்னு கேட்டு முடிக்கல, "50 சார்". போக ஒரு மணி நேரம், வர ஒன்றரை, ஆக 120 கி.மீ ரெண்டரை மணி நேரத்துல, அப்ப 48தானே வரும்? மெதுவா வந்தப்ப ரோட்டுல அதிக நேரம் இருந்தோம்ல, அதான் 40 பக்கமா இழுக்குது. கேள்வி எடுக்குறவங்களுக்கு இது நல்லாவே தெரியும், ஆப்ஷன்ல 50 கண்டிப்பா உக்காந்திருக்கும்.

ஒரு பையன் ஒத்துக்கவே இல்ல, கூட்டி ரெண்டால வகுக்குறதுதானே சார் சராசரின்னு ஒரே வாக்குவாதம். சரி தம்பி, போறப்ப 30ல போயிட்டே, மொத்தத்துக்கும் சராசரி 60 வரணும்னா எவ்ளோ வேகத்துல திரும்பணும்னேன். 90-ன்னான். 120 கி.மீ-க்கு சராசரி 60 வேணும்னா மொத்தமே ரெண்டு மணி நேரம்தான், அது போறப்பவே தீந்துபோச்சு, இனி ராக்கெட்ல வந்தாலும் நடக்காது. கொஞ்ச நேரம் நோட்டையே பாத்துட்டு, "அப்ப 50 எப்பதான் சார் வரும்"னான். அது கேள்வி! 60ல ஒரு மணி நேரம், 40ல ஒரு மணி நேரம் ஓட்டினா வரும். நேரம் சமமா இருந்தா கூட்டி வகுக்கலாம், தூரம் சமமா இருந்தா கூடாது. தூரம் சமமா இருக்குறப்ப போட 2ab/(a+b)-ன்னு ஒரு ஷார்ட்கட் சுத்துது (a, b ரெண்டு வேகங்கள்), பயணம் மூணு துண்டா வந்தா அதுவும் படுத்துடும். மொத்த தூரத்தை மொத்த நேரத்தால வகுங்க.

5/18ஆ, 18/5ஆ

உசைன் போல்ட் 2009ல பெர்லின்ல 100 மீட்டரை 9.58 செகண்ட்ல ஓடினாரு, அதாவது செகண்டுக்கு 10.44 மீட்டர். இதை மணிக்கு கி.மீ-ஆ மாத்துறப்ப தப்பா 5/18ஆல பெருக்கினா மணிக்கு 2.9 கி.மீ வரும், பார்க்ல தாத்தாங்களே அதைவிட வேகமா நடப்பாங்க. சரியா 18/5 போட்டா 37.6. விடை நம்புற மாதிரி இருக்கான்னு பாக்காம அடுத்த கணக்குக்கு ஓடாதீங்க.

1 மணி 30 நிமிஷம்

கணக்குல மணி நேரமா போடுறப்ப 1.30 இல்ல, 1.5.

வேகமும் திசைவேகமும்

திசைவேகத்துக்கு ஓடின தூரம் கணக்கில்ல, கிளம்பின இடத்துலேருந்து முடிச்ச இடம் எந்தத் திசையில எவ்ளோ தள்ளி இருக்குங்கறதுதான் கணக்கு; அதனால கிளம்பின இடத்துக்கே திரும்பிட்டா சராசரி திசைவேகம் பூஜ்யம். கேள்வியை ஒழுங்கா படிங்க.

ரயில், பிளாட்பாரம்

ரயில் பிளாட்பாரத்தை முழுசா கடக்க எவ்ளோ நேரம்னு கேட்டா, பிளாட்பாரத்தோட நீளத்தோட ரயிலோட நீளத்தையும் கூட்டுங்க.